சுட்ட வாஷரா, சுடாத வாஷரா? பிரேக் உதிரிபாகத் தேர்வு குறித்த ஓர் அறிமுக ஆய்வு

ஆய்வு நோக்கம்

தமிழில் காப்பியங்களுக்கு உரை உண்டு. உரைக்கு விளக்கம் உண்டு. விளக்கத்தில் புகுந்த அச்சுப்பிழைகளுக்குத் திருத்தப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலை மறுத்து மணிவிழா மலரில் எழுதப்பட்ட கட்டுரையும் உண்டு. ஆனால் காரின் முன்சக்கரத்தில் பிரேக் பேடு தேய்ந்து கிறீச்சிடும்போது, கடைக்குப் போய் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு முனைவர் பட்ட ஆய்வேடுகூடச் சிறியேன் கண்ணில் பட்டதில்லை. கண்ணில் படாததை இல்லை என்று அறிவிப்பது ஆய்வுலகம் ஏற்றுக்கொண்ட முறையாதலால், இத்துறையில் இதுவே முதல் ஆய்வு என்று இங்கே அறிவிக்கப்படுகிறது.

கருதுகோள்: ஓர் உதிரிபாகம் எவ்வளவு சிறியதோ, அது கிளப்பும் தகராறு அவ்வளவு பெரியது.

ஆய்வெல்லை: முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் கொண்ட, தவணை கட்டி முடித்த, ஒரு நடுத்தரக் குடும்பத்துச் சின்ன கார். லாரி, பஸ், மாட்டுவண்டி ஆகியன எல்லைக்கு வெளியே பார்க்கிங் செய்யப்பட்டுள்ளன.

ஆய்வுக்களம்: சென்னை. இதற்குக் காரணம் உண்டு. பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962இல் தோன்றிப் பாடியில் ஆலை கண்டது. ரானே பிரேக் லைனிங் 1964இல் வந்தது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இல். இந்தியாவில் ஓடுகிற வண்டிகளில் கணிசமானவை நிற்பது சென்னையின் தயவால்தான். புதுச் சாமான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும், பழையது புதுப்பேட்டையில். பிறப்பு, வாழ்வு, மறுபிறவி மூன்றும் ஒரே மாநகராட்சி எல்லைக்குள் நிகழும் பேறு எல்லாப் பொருளுக்கும் வாய்ப்பதில்லை. மேலும், பாடி ஒரு பாடல் பெற்ற தலம். ஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் அங்கேதான் இருக்கிறது. பதிகம் பெற்ற ஊரே பிரேக் தொழிற்சாலையும் பெற்றதைத் தற்செயல் என்று சொல்வோர் ஆய்வு மனப்பான்மை இல்லாதவர்கள். அத்தொடர்பை நிறுவும் பணி இன்னொருவரின் பட்டத்துக்காக ஒதுக்கிவைக்கப்படுகிறது.

முன்னாய்வுகள்

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவர் செய்த காரிலேயே மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துவிட, செருப்புத் தைப்பவர் ஒருவரைப் பிடித்துக் கட்டையின் மேல் தோலை வைத்து அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்ற உதிரிபாகம் இப்படித்தான் உலகத்துக்கு வந்தது. 1897இல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், டெர்பிஷயர் விவசாயிகள் சரிவில் வண்டி இறக்கும்போது பிரேக் கட்டையில் பழைய பூட்ஸை மாட்டி ஓட்டுவதைக் கண்டு, அதைவிட உருப்படியான ஒன்றைச் செய்ய முனைந்தார் என்பது தொழில்வட்டாரம் சொல்லிவரும் கதை. அவர் தொடங்கிய கம்பெனிதான் ஃபெரோடோ.

ஆக, சான்று இரண்டு. தமிழ் ஆய்வுலகில் ஒரு சான்று இருந்தால் கட்டுரை, இரண்டு இருந்தால் கொள்கை, ஒன்றுமே இல்லாவிட்டால் மூன்று தொகுதி நூல். எனவே 'காலணி மூலக் கொள்கை' இங்கே முன்மொழியப்படுகிறது: பிரேக் என்பது செருப்பிலிருந்து தோன்றியது. இம்மரபு தமிழகத்தில் இன்றும் உயிரோடு இருப்பதற்குச் சான்று, பிரேக் கட்டை இல்லாத சைக்கிளில் இறக்கத்தில் வரும் பையன் ரப்பர் செருப்பைப் பின் டயரில் அழுத்தி வண்டியை நிறுத்துவது. அப்பையன் பெர்த்தா பென்ஸைப் படித்தவனல்லன். ஆகவே தமிழ்ப் பையனிடமிருந்தே ஜெர்மனிக்கு இது சென்றிருக்க வேண்டும். சென்ற வழிக்கான ஆவணம் கடல்கொண்டது. கடல்கொண்ட ஆவணத்தை மறுக்க எவராலும் இயலாது.

பேடு

பேடு என்பது இரும்புத் தகட்டில் ஒட்டிய உராய்வுப் பொருள். இவற்றில் ஆர்கானிக், செமி மெட்டாலிக், செராமிக் என மூவினம். ஆர்கானிக் மெத்தென்று பிடிக்கும், சீக்கிரம் தேயும். செமி மெட்டாலிக் சூடு தாங்கும், பதிலுக்கு டிஸ்க்கைத் தின்னும், சத்தமும் போடும். செராமிக்கில் சத்தமும் தூசியும் குறைவு, விலையில் அந்தக் குறைச்சல் கிடையாது. முன்னொரு காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்கு எமன் என்று தெரிந்தபின் பெரும்பாலும் கைவிடப்பட்டது. இவையெல்லாம் பயனுள்ள செய்திகள் என்பதால் ஆய்வாளருக்கு இவற்றில் வேலையில்லை.

வேலை இருப்பது பேடின் ஓரத்தில். அங்கே பெயிண்டில் அச்சடித்த எண்களுக்கும் எழுத்துகளுக்கும் நடுவே இரண்டு எழுத்து சேர்ந்து நிற்கும்: எஃப்எஃப், ஜிஎஃப், ஜிஜி. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே866 என்ற விதி வகுத்த குறியீடு இது. இ என்றால் உராய்வுக் கெழு 0.25க்கு மேல் 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பேடின் பிடிமானம். இரண்டாம் எழுத்து கொதிக்கக் கொதிக்க மிதித்தபின் மிஞ்சும் பிடிமானம். ஆகவே 'ஜிஇ' என்பது ஆரம்பத்தில் ஆவேசமாகப் பிடித்து, மலை இறங்கும்போது கைவிடும் வகை. பேடு எத்தனை நாள் உழைக்கும், கிறீச்சிடுமா, டிஸ்க்கை அரிக்குமா என்பவற்றைப் பற்றி இந்த எழுத்துகள் மூச்சு விடுவதில்லை. எழுத்ததிகாரம் எழுத்தோடு நின்றுகொள்ளும்.

இக்குறியீட்டைக் களத்தில் சரிபார்க்க நடத்திய நேர்காணலின் முழுப்பதிவு பின்வருமாறு:

"அண்ணே, இது எஃப்எஃப்பா, ஜிஜியா?"

"சார், இது ஆல்ட்டோவுக்கு."

(கடைக்காரர், நேர்ப்பேச்சு, பில் போட்டுக்கொண்டே.) இவ்விடை கேள்விக்குரியதல்ல என்று மேலோட்டமாகத் தோன்றும். உண்மையில் இது கேள்வியையே கழற்றிவிடுகிற விடை; இத்தகைய விடையைத் தத்துவப் பேராசிரியர்கள் சொன்னால் நூலாகிறது.

பேடு செட்டாகத்தான் வரும். ஒரு செட்டுக்கு நான்கு, வலச்சக்கரத்துக்கு இரண்டு, இடத்துக்கு இரண்டு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

காலக்கணிப்பு

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த வருஷ வண்டி சார்?" என்பது. எளிய கேள்வி போலத் தெரியும். ஆனால் வண்டி ஆலையில் பிறந்தது டிசம்பரில், ஷோரூமில் விற்றது ஜனவரியில், ஆர்டிஓ ஆபீசில் பதிவானது பொங்கல் கழித்து. ஆர்சி புத்தகம் ஒன்று சொல்லும், இன்ஷூரன்ஸ் தாள் இன்னொன்று சொல்லும், வீட்டில் இருப்பவர்கள் பாப்பா பிறந்த வருஷம் என்பார்கள். நடு ஆண்டில் ஆலைக்காரர் காலிப்பரை மாற்றிவிட்டிருந்தால், ஒரே ஆண்டு, ஒரே மாடல், ஒரே நிறம் இருந்தும் இரண்டு வகைப் பேடு இருக்கும். தீர்ப்புச் சொல்லக்கூடியது 17 எழுத்துள்ள சேசிஸ் எண் மட்டும்தான். மாருதி என்றால் அது எம்ஏ3 என்று தொடங்கும்.

இங்கே ஒரு வேதனையைப் பதிவு செய்தாக வேண்டும். சங்க இலக்கியத்தின் காலத்தைக் கிமு 300க்கும் கிபி 300க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். அறுநூறு ஆண்டு முன்பின் நகர்த்தினாலும் நகர்த்தியவருக்கு நட்டமில்லை. மாலை, சால்வை, மாநாட்டில் முன்வரிசை. பேட்டர்ஸ் ரோட்டில் ஆறு மாதம் பிசகினால் பேடு காலிப்பருக்குள் போகாது. தமிழறிஞர்களின் காலக்கணிப்புகளுக்கும் கடைசியில் ஒரு காலிப்பருக்குள் போய் உட்கார வேண்டிய நிர்ப்பந்தம் இருந்திருந்தால், இலக்கிய வரலாறு இன்னும் கொஞ்சம் மெலிந்த புத்தகமாக இருந்திருக்கும்.

இந்தச் சிக்கலைக் கடைக்காரர்கள் ஒரே சொற்றொடரில் தீர்த்துவிடுகிறார்கள்: "பழைய பேடைக் கழட்டி எடுத்துட்டு வாங்க சார்." மூலபாடத்தை நேரில் ஒப்பிடுவது. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததும் இதே கொள்கையால்தான். அவர் கையில் கருப்புத் தூசி ஒட்டவில்லை என்பதே வேறுபாடு.

டப்பாவும் பாடபேதமும்

ஒரிஜினல் எது, டூப்ளிகேட் எது என்ற வினாவுக்கு விடை டப்பாவில் இருப்பதாக ஒரு சாரார் நம்புகிறார்கள். ஹாலோகிராம் ஸ்டிக்கரைச் சாய்த்துப் பார்ப்பது, எம்ஆர்பியை உரக்கப் படிப்பது, பார்ட் நம்பரை விரலால் தடவுவது ஆகியன இவர்களின் ஆய்வுமுறைகள். டப்பாவின் முகப்பில் 'ஓஇ குவாலிட்டி' என்று போட்டிருக்கும். இது அணிந்துரைக்கு ஒப்பானது. உள்ளே இருப்பதைப் பார்க்காமல் எழுதப்பட்டது.

டூப்ளிகேட் டப்பாவில் எழுத்துப்பிழை இருக்கும் என்பது பரவலான கருத்து. ஏட்டில் பிழை இருந்தால் பழமைக்குச் சான்றாகக் கொள்கிறோம், டப்பாவில் பிழை இருந்தால் போலிக்குச் சான்றாகக் கொள்கிறோம். இதில் எது முறை என்று இரு துறையினரும் ஓரிடத்தில் கூடிப் பேசியதில்லை. பேசினால் ஏடுகள் பலவற்றைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரர்களோ சரக்கை மூன்றாகப் பகுக்கிறார்கள்: 'கம்பெனி', 'நல்ல லோக்கல்', 'லோக்கல்'. நடுவில் இருப்பதற்கு இலக்கணம் கேட்டபோது, "அது நம்மளே போடுறது சார்" என்று விளக்கம் கிடைத்தது. (கடைக்காரர், நேர்ப்பேச்சு, டீ வந்தபின்; இதே கருத்து பக்கத்துக் கடையிலும் கிடைக்கிறது, ஆனால் அங்கே டீ வரவில்லை.)

டிஸ்க் கல்வெட்டு

டிஸ்க்கின் நடுக்குழியில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்தால் லேத்தில் போட்டுச் சீவவும் கூடாது, மாற்றியே ஆக வேண்டும். பொறித்திருப்பது என்னவோ உண்மை. துருவேறிய பிறகு அதைப் படிப்பது கல்வெட்டுத் துறையின் வேலை. உப்புத்தாளால் தேய்த்து, சாக்குக்கட்டி பூசி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் இலக்கம் தெரியும். தெரிவது 8ஆ 3ஆ என்ற ஐயத்துக்கு வெர்னியர் காலிப்பர் உண்டு. கல்வெட்டறிஞர்களுக்கு இந்த வசதி இல்லை. புது டிஸ்க்கானால் துருப்பிடிக்காதிருக்கப் பூசிய எண்ணெயோடு வரும். அதை பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்காமல் மாட்டினால் பேடு எண்ணெய் குடிக்கும். எண்ணெய் குடித்த பேடு நிற்க வைக்காது.

டிரம்

பின்சக்கரத்தில் இருக்கிறது.

திரவ இயல்

பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4, டாட் 5, டாட் 5.1 என நான்கு உட்பிரிவு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்தது. டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் குடித்தபின் 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5க்கு 260, 180. டாட் 5.1க்கும் அதே 260, அதே 180.

இதுவரை ஒழுங்காக வந்தவர்களை இப்போது கவிழ்க்க வேண்டியிருக்கிறது. 5.1 என்பது 5இன் திருத்திய பதிப்பல்ல. 5 சிலிக்கோனில் செய்தது, ஊதா நிறம், தண்ணீர் குடிக்காது, மற்ற எதனோடும் சேராது. 5.1 என்பது 3, 4 ஆகியவற்றின் கிளைகால் வம்சம், தண்ணீர் குடிக்கும், அவற்றோடு கலக்கும், ஆனால் பெயரில் மட்டும் 5இன் வீட்டில் குடியிருக்கிறது. இந்தப் பெயரை வைத்த குழுவில் ஒரு பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு உறுப்பினராவது இருந்திருப்பார் என்பது என் ஊகம். நம்மூர்ச் சின்ன காருக்கு ரிசர்வாயர் மூடியில் எது போட்டிருக்கிறதோ அதுவே போதும். பெரும்பாலும் 3 அல்லது 4.

முன்னொரு நாள் திறந்து பாதி ஊற்றி அலமாரியில் வைத்த டப்பாவை மட்டும் எடுக்கக் கூடாது. கடல்காற்று ஊரில் அது வெறுமனே உட்கார்ந்தே ஈரம் குடித்திருக்கும். காரின் பெயிண்டில் சிந்தினாலும் பெயிண்டைத் தின்றுவிடும். மெக்கானிக்குகள் இதை அறிந்தவர்கள். ஆகவே உரிமையாளர் பார்க்கும்போது மட்டும் பானெட் ஓரத்தில் துணி போடுகிறார்கள்.

போல்ட்டும் எண்சோதிடமும்

போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அறும் வலிமை மெகாபாஸ்கலில். புள்ளிக்குப் பின் உள்ளது, அதில் எத்தனை பத்தில் ஒரு பங்குக்கு அது நெளியத் தொடங்கும் என்பது. 10.9 என்றால் 1000இல் அறும், 900இல் நெளியும். காலிப்பரிலிருந்து கழற்றிய போல்ட்டில் என்ன எண் இருந்ததோ அதே எண் திரும்பப் போக வேண்டும். தலையில் ஒன்றுமே இல்லாத போல்ட் ஹார்டுவேர் கடையில் எடைக்குக் கிடைக்கும். அது கேட் கதவுக்கு.

மரையிலும் பேதம் உண்டு. 12 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25 மரையும் உண்டு, 1.5 மரையும் உண்டு. ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று ஆசையாகப் போகும். மூன்றாம் சுற்றில் இறுகும்போது, "புதுசு சார், அப்படித்தான் டைட்டா இருக்கும்" என்று நீளமான ஸ்பானரை எடுப்பவர் கையிலிருந்து அதைப் பிடுங்குவது உரிமையாளரின் கடமை.

கிளிப், பின், கிரீஸ்

எனக்கு இந்த ஆய்வில் உண்மையாகவே மதிப்பு ஏற்பட்டது இந்தச் சில்லறைகளின் மேல்தான். பேடு இருபுறமும் வழுக்கி நகர ஸ்டீல் கிளிப் இருக்கிறது. காலிப்பர் முன்னும் பின்னும் போக இரண்டு பின் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் உறை. பேடு டப்பாவுக்குள் சில கம்பெனிகள் புதுக் கிளிப்பைத் தனி பாக்கெட்டில் போட்டுத் தருகின்றன. அந்தப் பாக்கெட் டப்பாவோடு குப்பைக்குப் போகும், பழைய கிளிப் துருவோடு திரும்பச் சேரும். பிறகு ஒரு பேடு தேய, மறு பேடு அப்படியே நிற்க, வாடிக்கையாளர் வந்து பேடு கம்பெனியைத் திட்டுவார். பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ் போட வேண்டும். பேரிங்குக்குப் போடுகிற கிரீஸை அப்பினால் ரப்பர் உப்பி, பின் மாட்டிக்கொள்ளும். பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் இந்தக் கிரீஸ் டியூபைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆய்வரங்கங்களிலும் இப்படித்தான், தலைப்பைப் பற்றி விவாதம் முடிவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

ஆனாலும் முக்கியமான பகுதி என்பதால் இதை இத்துடன் சுருக்கிக்கொண்டு, முக்கியமில்லாத பகுதிக்கு விரிவாகச் செல்வோம்.

வாஷர்

பிரேக் ஹோஸ் காலிப்பரோடு சேரும் இடத்தில் உள்துளை போட்ட ஒரு போல்ட் இருக்கும், பேஞ்சோ போல்ட் என்பார்கள். ஹோஸின் தலைக்கு மேலே ஒரு காப்பர் வாஷர், கீழே ஒரு காப்பர் வாஷர். முறுக்கும்போது செம்பு நசுங்கி, இரு பக்கமும் ஒட்டி, ஆயில் கசியாமல் காக்கும். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போகும். மறுபடி அதே மாதிரி நசுங்காது. எனவே கழற்றினால் புது வாஷர் போடு என்கிறது கம்பெனிக் கையேடு. இதில் தகராறுக்கு என்ன இடம் என்று கேட்பவர் தமிழ் மரபை அறியாதவர்.

மெக்கானிக் மரபு இங்கே இரண்டாகப் பிரிகிறது. முதல் பிரிவு புதுவாஷர் நெறி: கையேட்டைப் பின்பற்றுவது, பையனைக் கடைக்கு அனுப்புவது, பையன் வரும்வரை வண்டியைத் தொடாமல் உட்கார்ந்திருப்பது. இரண்டாம் பிரிவு சுட்டவாஷர் நெறி: பழைய வாஷரைக் கம்பியில் கோத்து, கேஸ் அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ஆறவைத்து, கறுப்பை உரசித் துடைத்துத் திரும்பப் போடுவது. காய்ச்சிய செம்பு இளகும் என்பது உலோகவியலும் ஒப்பும் உண்மை. ஆகவே சுட்டவாஷர் நெறியினரை மூடநம்பிக்கையாளர் என்று ஒதுக்க முடியாது.

இவ்விடத்தில் ஔவையாரும் நாவல் மரத்துச் சிறுவனும் நினைவுக்கு வராவிட்டால் அவர் தமிழரல்லர். சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்டு, கிழவி மண்ணை ஊதியபோது சுடுகிறதா என்று முருகன் சிரித்த கதை எல்லாரும் அறிந்தது. களத்தில் நான் பார்த்த ஒரு ஷெட்டிலும் அடுப்பிலிருந்து எடுத்த வாஷர் கை தவறித் தரையில் விழுந்தது, மேஸ்திரி அதை எடுத்து ஊதினார். ஔவை ஊதியது மணலை. மேஸ்திரி ஊதியது மணலையும் சூட்டையும். எனவே மேஸ்திரியின் செயலில் பொருள் இரட்டிப்பு. (மேஸ்திரி, செய்துகாட்டல், வாய்மொழி இல்லை, வாயால் ஊதல் மட்டும், ஒப்பிடுக: அதே ஷெட்டின் டீ பாக்கி நோட்டு, அட்டை கிழிந்த பதிப்பு, கடைசிப் பக்கத்தில் கிரீஸ் விரல்தடத்துக்கு அடியில் மங்கலாக உள்ள 'வாஷர் 2' என்னும் குறிப்பு. இது காப்பர் வாஷரா, குழாய் வாஷரா என்று ஓரக்குறிப்பில் வேறொரு கையெழுத்து ஐயுறுகிறது.)

சுட்டவாஷர் நெறிக்குள்ளும் உட்பிளவு உண்டு. சிவந்த வாஷரைத் தண்ணீரில் போட்டு ஆற்றுவோர் நீராற்றுக் கிளையினர். அப்படியே காற்றில் விட்டு ஆற்றுவோர் காற்றாற்றுக் கிளையினர். நீரில் போட்டால் உலோகம் இறுகிவிடும் என்பது காற்றாற்றுக் கிளையின் முதன்மை வாதம். இரும்புக்கு, அதிலும் கரி சேர்ந்த எஃகுக்கு, அது சரி. செம்பு நீரில் ஆறினாலும் காற்றில் ஆறினாலும் அதே இளக்கம்தான். இரண்டு கிளையும் ஒரே இடத்துக்குப் போகின்றன என்று சொன்னபோது இரண்டு கிளையினரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். காஞ்சிபுரத்தில் யானைக்கு நாமம் வடகலையா தென்கலையா என்ற வழக்கு எத்தனை காலம் நடந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

நீராற்றுக் கிளைக்குள், தண்ணீர் பச்சைத் தண்ணீரா, ரேடியேட்டர் தண்ணீரா என்பதில் மேலும் ஒரு பிளவு இருப்பதாகத் தெரியவருகிறது. (இளைய மெக்கானிக், மூத்த மெக்கானிக்கின் முதுகுக்குப் பின் தாழ்ந்த குரலில் சொன்னது; ஏர் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தமையால் மூன்று சொற்கள் கேட்கவில்லை. கேட்காத அந்த மூன்று சொற்களில்தான் கருத்தின் உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அவற்றை மீட்டுருவாக்கி, மீட்டுருவாக்கத்துக்கு உரை எழுதி, அவ்வுரை அவர் சொன்னதைவிடத் தெளிவாக இருப்பதைக் கண்டு, அவர் சொன்னதைத் திருத்தியுள்ளேன்.)

மூன்றாம் நெறி ஒன்றும் உண்டு: பழைய வாஷரைச் சுடாமலே போட்டு, ஸ்பானரின் மேல் ஏறி நின்று முறுக்குவது. இதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

இந்த இயலை எழுதி முடித்தபின் ஓர் உண்மையைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். பேடு மட்டும் மாற்றுகிற வேலையில் பேஞ்சோ போல்ட்டைக் கழற்றவே வேண்டியதில்லை. காலிப்பரைத் தூக்கி ஓரமாகக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டுப் பேடை மாற்றிவிடலாம். ஹோஸ் அதன்பாட்டுக்கு இருக்கும், வாஷர் அதன்பாட்டுக்கு இருக்கும். ஆயினும், ஆய்வுப் பொருளுக்குத் தொடர்பில்லை என்பது ஓர் இயலை நீக்குவதற்குப் போதுமான காரணமாக எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஏற்கப்பட்டதில்லை.

பில்லும் உரையாசிரியர்களும்

பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் நூற்பா: ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

இதற்கு உரைகாரர் மூவர். 'ஒருமுறை' என்றதனான் இருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படும் என்பதும் பெறப்பட்டது என்பர் முதலாமவர். புதுப்பேட்டைச் சாமான் அனைத்தும் இருமுறை விற்றது. அங்கே திரும்பக் கொடுக்கப் போய்ப் பாருங்கள், அப்போது தெரியும் உரையின் தரம் என்பர் இரண்டாமவர். 'பொருள்' என்றது சாமானையன்று, காசை. காசு திரும்பத் தரப்படாது, சாமானை எப்போது வேண்டுமானாலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகலாம் என்பதே கருத்து என்பர் மூன்றாமவர். கடைக்காரர் மூன்றாமவரை ஆதரித்தார்.

எலுமிச்சம்பழம்

நான்கு.

அடிக்குறிப்பு

இடமின்மையால் இது கடைசியில், சிறிய எழுத்தில், சேர்க்கப்படுகிறது. பேடு மாற்றும்போது காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். ஆகவே வேலை முடிந்து வண்டியை ஓர் அங்குலம் நகர்த்துவதற்கு முன், இன்ஜினைப் போட்டு, நின்ற இடத்திலேயே பெடலை மிதித்து மிதித்து, அது கல்லுப்போல் நிற்கும்வரை பார்க்க வேண்டும். செய்யாவிட்டால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது, எதிரே டீக்கடை இருக்கும். இவ்வாய்வேட்டில் உயிரோடு தொடர்புடைய செய்தி இது ஒன்றே. விரிவஞ்சி விடுக்கப்பட்டது.